பொருளுக்குக் குத்தும் முத்திரையும் ஆளுக்குக் குத்தும் முத்திரையும்

கேள்வி: ஆட்கள், பொருட்கள், கருத்துகள் என்று எல்லாவற்றுக்கும் முத்திரை குத்துகிறோம். அது நம் பார்வையை உண்மையிலேயே மாற்றுகிறதா?

மாற்றுகிறது. ஆனால் மூன்றிலும் ஒரே மாதிரி மாற்றுவதில்லை.

பொருளுக்குக் குத்தும் முத்திரையைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். 1988இல் லெவின், கேத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அரைத்த மாட்டிறைச்சியை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு சாராரிடம் '75 சதவீதம் கொழுப்பில்லாதது' என்றார்கள், மற்றவர்களிடம் '25 சதவீதம் கொழுப்பு உள்ளது' என்றார்கள். கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் முதல் சாரார்தான் இறைச்சி தரமானது, எண்ணெய்ப் பசை குறைவு என்று அதிக மதிப்பெண் போட்டார்கள். எனக்குப் பிடித்தது இதற்கடுத்த பகுதி. தின்று பார்த்தவர்களிடம் இந்த வித்தியாசம் குறைந்துவிட்டது. லேபிள் சொன்னதை நாக்கு அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை.

(நாக்கையும் ஏமாற்றலாம், அது வேறு விஷயம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ஒயினை 5 டாலர் என்றும் 45 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 45 டாலர் என்று சொன்னதுதான் அதிகம் பிடித்திருந்ததாம். விலையும் ஒரு லேபிள்தானே!)

கருத்துகளைப் பொறுத்தவரை, வைத்தவர் நினைத்தபடி பெயர் நடந்துகொள்வதில்லை. பிரபஞ்சம் தோன்றிய விதத்தைச் சொல்லும் கோட்பாட்டுக்கு 'பிக் பேங்' (பெருவெடிப்பு) என்ற பெயரை 1949இல் பிபிசி வானொலியில் சொன்னவர் பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாய்ல். அந்தக் கோட்பாட்டையே ஏற்காதவர் அவர். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏதோ ஓரிடத்தில் வெடிகுண்டு வெடித்ததுபோல இன்றும் பலர் கற்பனை செய்கிறார்கள். கோட்பாடு சொல்வதோ பிரபஞ்சவெளியே விரிவதைப் பற்றி.

சரி, ஆட்களுக்கு வருவோம். சிக்கல் இங்கேதான். இறைச்சிக்குத் தன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஆளுக்குத் தெரியும். கனடா நாட்டுத் தத்துவவாதி இயன் ஹாக்கிங் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: அணுவுக்குள் இருக்கும் குவார்க் என்ற நுண்துகளை குவார்க் என்று அழைப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது, மனிதரை ஒரு வகைக்குள் போட்டால் அவர் அதைக் கேட்டு மாறுவார், அவர் மாறினால் அந்த வகையும் மாறும்.

'சோம்பேறி' என்று பெயர் வாங்கிய பையனை எடுத்துக்கொள்ளுங்கள். குறைவாக மதிப்பெண் வாங்கினால் "நான் அப்பவே சொன்னேனே" என்பார்கள். நிறைய வாங்கினால் "யாரைப் பார்த்து எழுதினே?" என்பார்கள். எப்படிப் போனாலும் முத்திரைதான் ஜெயிக்கும். தின்று பார்த்துத் தீர்மானிக்க இங்கே வழியே இல்லை, ஏனென்றால் அவன் செய்வதை எல்லாம் அந்த முத்திரை வழியாகத்தான் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளில் அவனும் "எப்படியும் திட்டத்தான் போறாங்க" என்று விட்டுவிடுவான். அப்புறம் அந்தப் பட்டம் உண்மையாகவே ஆகிவிடும்.

அதற்காக முத்திரையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் மருந்து அட்டையைப் படிக்காமல் விழுங்குவார்களா என்ன? எல்லைக்கோடு எங்கே போடுவது என்பதையும் யாரோ ஒருவர் முடிவு செய்துதான் ஆக வேண்டும். 2017இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் உயர் ரத்த அழுத்தத்தின் வரம்பை 140/90இலிருந்து 130/80க்கு இறக்கின. உடம்பில் எந்த மாற்றமும் இல்லாமலேயே பலர் ஒரே நாளில் நோயாளிகளானார்கள். அதனால் சீக்கிரமே கவனித்துக்கொண்டவர்களும் இருப்பார்கள், வீணாகக் கவலைப்பட்டவர்களும் இருப்பார்கள்.

ஆட்கள் விஷயத்தில் நான் செய்வது ஒன்றுதான். யாராவது ஒருவரைப் பற்றி "அவர் திமிர் பிடித்தவர்" என்று சொன்னால், "என்ன செய்தார்?" என்று கேட்பேன். பெரும்பாலும் எப்போதோ நடந்த ஒரே ஒரு சம்பவம்தான் பதிலாக வரும். சில சமயம் அதைச் சொல்பவரே நேரில் பார்த்திருக்க மாட்டார்.