நாயாட்டு: மேலிருந்து வரும் ஆணை (வாசகர் கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘நாயாட்டு’ என்ற மலையாளத் திரைப்படத்தைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்து, அதன்பின் படத்தையும் பார்த்தேன். நான் மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் பல ஆண்டுகளாக ஆஜராகி வருகிறேன். காவல் நிலையத்தில் ஒரு முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்ய வைப்பதற்காக இரவு பதினொரு மணிவரை வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு ஏராளம்.

அந்த அனுபவத்தோடு பார்க்கும்போது இந்தப் படம் என்னைத் துன்புறுத்தியது. சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் அடித்துக் கொல்லப்பட்டு ஓராண்டுகூட நிறையாத காலத்தில், காவலர்களைத் துரத்தப்படும் அப்பாவிகளாகக் காட்டும் படம் வருகிறது, நாமும் அவர்களுக்காகக் கண்ணீர் விடுகிறோம். அதைவிட மோசம், தலித் மக்களின் போராட்டம் இதில் வெறும் வாக்குவங்கி அரசியலாகச் சுருங்கிவிடுகிறது. அவர்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சட்டமும் அப்பாவிகளைச் சிக்கவைக்கும் பொறிபோலத் தெரிகிறது. தாங்கள் இதை ‘நேர்மையான யதார்த்தம்’ என்று எழுதியிருந்தீர்கள். யாருடைய யதார்த்தம் என்று கேட்க விரும்புகிறேன்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, மதுரை

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்தப் படம் காவலர்களைக் குற்றமற்றவர்களாக்குகிறதா என்பது ஒன்று. தலித் மக்களுக்கும் அவர்களுக்கான சட்டத்துக்கும் அது அநீதி இழைக்கிறதா என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் உங்களிடமிருந்து மாறுபடுகிறேன். இரண்டாவதில் நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் பிரக்காட் இயக்கத்தில், ஷாஹி கபீர் எழுதி, 2021 ஏப்ரல் 8 அன்று திரைக்கு வந்த படம் இது. உதவி ஆய்வாளருக்கு ஒரு படி கீழே இருக்கும் ஏ.எஸ்.ஐ. மணியன், ஆயுதப்படை முகாமிலிருந்து நிலையத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பிரவீண், பெண் காவலர் சுனிதா ஆகிய மூவரும் ஓரிரவு ஒரு நிகழ்ச்சிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அவர்கள் வந்த ஜீப் ஒரு இருசக்கர வண்டியோடு மோதுகிறது. ஜீப்பை ஓட்டிவந்த இளைஞன் ஓடிவிடுகிறான், வண்டியில் வந்தவர் இறந்துபோகிறார். அவர் ஒரு தலித் இளைஞர். அண்மையில் இந்த நிலையத்தில் தகராறு செய்து அடைக்கப்பட்ட பிஜு என்பவனின் நண்பர். இடைத்தேர்தல் நெருங்கும் நேரம். அச்சமூகத்தின் வாக்குகளை இழக்க முதலமைச்சருக்கு மனமில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதாகிவிடுவோம் என்று அஞ்சி மூவரும் மூணாறு மலைகளை நோக்கித் தப்பி ஓடுகிறார்கள், அவர்களுடைய துறையே அவர்களை வேட்டையாடுகிறது.

ஷாஹி கபீர் காவல்துறையில் பணியாற்றியவர். அதனால்தான் படத்தின் முதல் அரைமணி நேரத்தில் ஒரு காவல் நிலையத்தின் அன்றாடம் எந்த மிகையுமின்றி வந்து அமர்கிறது. மணியன் வீட்டில் மகளுக்குப் பள்ளிக் கலைவிழாவுக்கான பயிற்சி நடக்கிறது; மகளின் ஒவ்வொரு அசைவையும் அவர் பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அதே மனிதர், மேலிடம் சொன்னதற்காகப் பொய்யான சான்றுப்பொருளை ஜோடிக்கவும் தயங்காதவர். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் அடுத்தடுத்து வைத்துவிட்டு, படம் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் நகர்கிறது. பின்னால் அவருக்கு எதிராக வழக்கு ஜோடிக்கப்படும்போது, அது எப்படிச் செய்யப்படும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. நான் ‘நேர்மை’ என்று எழுதியது இதைத்தான். அப்பாவிகளாக இருந்திருந்தால் இவர்கள் நிலையத்தில் உட்கார்ந்து நீதியை எதிர்பார்த்திருப்பார்கள். தாங்கள் எதைச் செய்திருக்கிறார்களோ அது தங்களுக்கும் செய்யப்படும் என்று தெரிந்ததால்தான் ஓடுகிறார்கள்.

இதை எனக்கு விளங்க வைத்தவர் என் தாய்மாமா. ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். படத்தை அவரோடு சேர்ந்துதான் பார்த்தேன். மூவரும் கைபேசியைத் தொடவே அஞ்சி மறைந்து திரியும் பகுதி வந்தபோது, அதுவரை பேசாதிருந்தவர், “தேடுறவன் எங்கெங்க பார்ப்பான்னு இவங்களுக்குத் தெரியும்ல, அதான் இந்தப் பயம்” என்றார். மணியன் தூக்கில் தொங்கும் காட்சிக்குப் பிறகு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில், கேட்காமலே, ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொன்னார். அவர் இளம் காவலராக இருந்தபோது, தான் கண்ணால் பார்த்திராத ஒரு கத்தியைக் கைப்பற்றியதாக எழுதப்பட்ட மகஜரில் கையெழுத்திடச் சொன்னார்களாம். பாரா முடித்து வந்து துப்பாக்கியை வைப்பதற்குள் தாளை நீட்டிவிட்டார்கள். போட்டுவிட்டார். அந்த வழக்கில் ஒருவன் சிறைக்குப் போனான். “அவன் செஞ்சானா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போனார். என் மாமாவை நான் நேசிக்கிறேன். அந்தக் கையெழுத்தை அந்த நேசத்தால் அழிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இந்தப் படத்தை நான் பார்த்தது இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான்.

நீங்கள் குறிப்பிடாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூலிப்படைக்காரன்கூடத் தனக்கு வரும் வேலையை வேண்டாம் என்று மறுக்கலாம், காவலனுக்கு அந்த உரிமை இல்லை என்ற பொருளில் மணியன் ஓரிடத்தில் பேசுகிறார். படத்தின் முதுகெலும்பு அந்த வசனம்தான். கேரளத்தில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970 பிப்ரவரி 18 அன்று வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் நக்சலைட் தலைவர் வர்கீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சண்டையில் இறந்தார் என்றே அரசு சொல்லிவந்தது. 1998இல், ஓய்வுபெற்ற காவலரான ராமச்சந்திரன் நாயர், பிடிபட்டிருந்த வர்கீஸைச் சுட்டது தானே என்றும், மேலதிகாரி மிரட்டி ஆணையிட்டதால் சுட்டதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். இருபத்தெட்டு ஆண்டுகள் அதை உள்ளுக்குள் சுமந்திருக்கிறார். சொன்னதற்குப் பலனாக வழக்கில் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டு, தீர்ப்புக்கு முன்பே 2006இல் இறந்துபோனார். அன்று டி.எஸ்.பி.யாக இருந்து பின்னர் ஐ.ஜி.யாக ஓய்வுபெற்ற லட்சுமணா 2010இல்தான் ஆயுள் தண்டனை பெற்றார். சம்பவம் நடந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆணை மேலிருந்து கீழே இறங்குவதற்குச் சில நிமிடங்கள் போதும். பழி கீழிருந்து மேலே ஏறுவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன, அதுவும் அடியில் இருக்கும் ஒருவன் வாய் திறந்தால்தான். ‘நாயாட்டு’ இந்தப் படிக்கட்டை முழுவதுமாகக் காட்டுகிறது என்பதே என் கட்டுரையின் வாதம். தமிழிலும் மலையாளத்திலும் காவல்துறையைப் பற்றிய பெரும்பாலான படங்கள் நிலையத்தின் வாசலோடு நின்றுவிடும். கெட்ட அதிகாரி ஒருவர், நல்ல அதிகாரி ஒருவர் என்று முடிந்துவிடும். இந்தப் படம் முதலமைச்சரின் அறைவரை போகிறது. அங்கே யாரும் கத்துவதில்லை, யாரையும் அடிக்கச் சொல்வதில்லை. வாக்குப்பதிவுக்கு முன் கைது நடக்க வேண்டும் என்ற ஒரு தேவை மட்டும் சொல்லப்படுகிறது. அது ஒவ்வொரு படியாக இறங்கி வரும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் வன்முறையைச் சேர்த்துக்கொள்கிறது. உண்மையான மூவர் சிக்காதபோது, முகத்தை மூடிய வேறு மூவரை ஊடகங்களின் முன் நடத்திக் காட்டுகிறார்கள். மணியன் இறப்பதற்கு முன் விட்டுச்செல்லும் வாக்குமூலத்தையும் அவருடைய துறையே அழித்துவிடுகிறது. காவல் மரண வழக்குகளைப் பார்த்தவர் என்ற முறையில், கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் எப்படி இல்லாமல் போகின்றன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதனாலெல்லாம் கீழே இருப்பவன் விடுவிக்கப்படுவதில்லை. மேலதிகாரி சொன்னார் என்பது சட்டவிரோதமான செயலுக்குப் பாதுகாப்பாகாது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் 76ஆம் பிரிவிலேயே, சட்டத்தின் கட்டளைக்கு இணங்கிய ஆணைக்குத்தான் அடைக்கலம் உண்டு. மணியனின் வசனத்தையும் நான் அப்படியே ஏற்கவில்லை. நீங்கள் சாத்தான்குளத்தைச் சொன்னீர்கள். அந்த நிலையத்தில் அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர்தான், விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம், உடன் பணியாற்றியவர்கள் சூழ்ந்திருந்த நிலையிலும், நடந்ததைச் சொன்னார். பிறகு அவருக்குப் பாதுகாப்பு அளிக்கும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. மறுக்க முடியும் என்பதற்கும், அதற்கு என்ன விலை என்பதற்கும் அவரே சாட்சி. படத்தின் கடைசியில், பழி முழுவதையும் இறந்துபோன மணியன் மீது போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்ற நிலையில் பிரவீணும் சுனிதாவும் மறுக்கிறார்களே, அந்த இடத்தில்தான் அவர்கள் முதன்முறையாக ஓர் ஆணையை மீறுகிறார்கள். எனக்குப் படம் முழுவதும் அந்த ஒரு மறுப்பை நோக்கி நடப்பதாகத் தோன்றியது. அவர்களுக்காக நான் வருந்தியது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே உங்கள் கோபம் நியாயமானது. மணியனும் சுனிதாவும் தலித் சமூகத்தைச் சேர்ந்தவர்களாகவே படத்தில் இருக்கிறார்கள், பிஜுவே சுனிதாவுக்கு உறவினன் என்றெல்லாம் படத்தின் தரப்பில் சொல்லலாம். சீருடை அணிந்தாலும் சாதி கழன்றுவிடுவதில்லை என்பதைக் காட்ட எழுத்தாளர் முயன்றிருக்கிறார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அடையாளம் கதைக்குள் ஆழமாக இறங்கவில்லை. ‘இரு பக்கமும் தலித்துகள்தாம், ஆகவே இது சாதிப் பிரச்சினை இல்லை’ என்று சொல்லிக்கொள்வதற்கான கேடயமாகவே அது பல இடங்களில் பயன்படுகிறது. அமைப்பாகத் திரளும் தலித்துகளின் முகமாகப் படம் நமக்குத் தருவது பிஜுவை மட்டும்தான்: பெண்ணைத் தொல்லை செய்பவன், நிலையத்தில் வந்து சவால் விடுபவன். திரண்டு நிற்கும் மக்களில், நியாயமான காரணத்தோடு நிற்கும் ஒரு தனி மனிதர்கூட இல்லை.

சட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரியே. 1989ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கு இருக்கும் தடை ஏன் வந்தது என்பதைப் படம் எங்கும் நினைவூட்டுவதில்லை. அது தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற வாதத்தை ஏற்று 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதைத் தளர்த்தியதும், ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித் மக்கள் தெருவுக்கு வந்து சிலர் உயிரையும் இழந்ததும், அதன்பின் நாடாளுமன்றம் அதே ஆண்டில் திருத்தம் கொண்டுவந்து தடையை மீட்டதும் இந்தப் படம் வருவதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன் நடந்தவை. அந்தச் சூழலில் ஒரு கதாசிரியர் இந்தச் சட்டத்தைக் கதையின் அச்சமாக வைக்கிறார் என்றால், அதன் மறுபக்கத்தைக் காட்டும் பொறுப்பு அவருக்குக் கூடுதலாகவே இருந்தது. வழக்குப் பதியவே மறுக்கும் நிலையத்தை நீங்கள் திண்ணையில் இருந்து பார்த்திருக்கிறீர்கள். படத்தின் கேமரா அந்தத் திண்ணையில் ஒருமுறையும் உட்காரவில்லை.

‘யாருடைய யதார்த்தம்’ என்ற உங்கள் கேள்விக்கு ஆகவே என் பதில் இது: நிலையத்துக்கு உள்ளே இருப்பவனின் யதார்த்தம், அந்த அளவில் உண்மையானது, அந்த அளவிலேயே குறைபட்டது. ஷாஹி கபீர் தான் வாழ்ந்து அறிந்ததைத் துல்லியமாக எழுதியிருக்கிறார். அறியாத பக்கத்துக்கு வரும்போது செய்தித்தாளில் படித்ததை எழுதியிருக்கிறார். இந்தப் படத்தின் திரைக்கதைக்குத் தேசிய விருது கிடைத்ததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிலையத்துக்கு வெளியே நிற்பவர்களை அது எழுதியிருக்கும் விதத்தைப் பாராட்ட என்னால் இயலாது. இந்த வேறுபாட்டை என் கட்டுரையில் நான் செய்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தக் கட்டுரையைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். மணியனாக ஜோஜு ஜார்ஜ் உட்காரும் விதத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறேன். ஷைஜு காலிதின் ஒளிப்பதிவில் மூணாற்றின் பனி எப்படி அச்சமாக மாறுகிறது என்பதற்கு அரைப் பத்தி. ஜீப் மோதி இறந்த இளைஞரைப் பற்றி மொத்தக் கட்டுரையிலும் இருந்தது மூன்றே சொற்கள்: ‘பைக்கில் வந்த ஒருவன்’. படம் செய்த அதே பிழையை, அதைவிடச் சுருக்கமாக நானும் செய்திருக்கிறேன். அந்தச் சொற்களை நேற்று நீக்கிவிட்டேன். அவர் யார், அவருடைய சாவு மக்களிடம் முதலில் துயரமாகவும் பிறகு கோபமாகவும் இருந்து, முதலமைச்சரின் அறையில் எப்படி வாக்குக் கணக்காக மாறியது என்று அந்த இடத்தில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். முடிந்தால் அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.