கறுப்புத் திரையில் பாட்டு மட்டும் கேக்குது: ஃபைல் கோளாறா?

கோபி மண்டபத்துல போடப்போற 'தி இன்னசென்ட்ஸ்' (1961) பேய்ப்படத்துல முதல்ல பாட்டு மட்டும் கேக்குது, ஓரமும் இருட்டா இருக்குன்னு கேட்டிருந்தீங்க. ஃபைல் கெட்டுப்போகலைங்க. படத்தோட ஆரம்பமே அப்படித்தான்: கம்பெனி முத்திரை வர்றதுக்கு முன்னாடியே கறுப்புத் திரை, ஒரு சிறுமி பாடுற பாட்டு மட்டும். கோபியில போடறப்ப அதை வெட்டிடாதீங்க, படத்தோட பயமே அங்கதான் முளைக்குது. பவானியில நாங்க போட்டப்ப ஆபரேட்டர் தம்பி மூணு தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டினாப்ல. பின்னால இருந்து "கரண்டு போச்சா?"ன்னு ஒரே சத்தம். முன்கூட்டியே சொல்லிடுங்க.

ஓரமெல்லாம் இருட்டடிக்குதுன்னீங்களே, அதுவும் பெரும்பாலும் புரொஜக்டர் தப்பில்லை. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி பிரான்சிஸ் ஓரம் இருண்ட ஃபில்டர் மாட்டித்தான் சினிமாஸ்கோப்ல பல காட்சிகளை எடுத்தார். மூலக்கதை ஹென்றி ஜேம்ஸ் 1898-ல எழுதின 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ'. அதுல பேய் நிஜமா, குழந்தைங்களைப் பார்த்துக்க வந்த டீச்சரம்மா மனசுக்குள்ள மட்டுமான்னு கடைசி வரைக்கும் பிடிபடாது. அந்த ஓர இருட்டுல ஏதோ நிக்குதோன்னு நம்ம கண்ணும் தேட ஆரம்பிச்சுருதுங்க.

சந்தேகம்னா வேற ஒரு கலர் படத்தை அதே புரொஜக்டர்ல ஓட்டுங்க. அதுலயும் மூலை இருண்டா லென்ஸைப் பாருங்க.

ஒண்ணு மட்டும்: முகமெல்லாம் ஒடுங்கி நீளமாத் தெரிஞ்சா அது படத்தோட தப்பில்லைங்க, புரொஜக்டர் 4:3 செட்டிங்ல (பழைய டிவி மாதிரி அகலம் கம்மியான வடிவம்) இருக்கு. அகலத்திரைக்கு மாத்திடுங்க. மண்டபத்து ஜன்னலுக்குப் படுதாவும் கட்டுங்க, வெளிச்சம் வந்தா இந்தக் கறுப்பு வெள்ளை வெளுத்துப்போயிரும்.