மன அழுத்தம் குறைய சொந்தமாகக் குதிரை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக வேண்டாம்.

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: கோவையில் வேலை, ராத்திரி தூக்கம் வருவதில்லை, சவாரி வகுப்புக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனீர்கள், மனது லேசானது, அதனால் சொந்தமாக ஒன்று வாங்கினால் என்ன என்று தோன்றுகிறது. உங்களுக்கு முப்பது வயது இருக்கும், ஊரில் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கும் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம். நூல் மில்லில் கணக்கு எழுதுகிறேன், வயது 46. ஐந்து வருடமாக என்னிடம் ஒரு செவலைப் பெண் குதிரை இருக்கிறது. அம்மா இறந்த பிறகு எட்டு மாதம் தூக்க மாத்திரை போட்டவள் நான், இன்றைக்கு மாத்திரை இல்லாமல் தூங்குகிறேன். (மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாள் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். டாக்டர் சொல்லி, டாக்டர் சொன்ன அளவில்தான் குறைத்தேன். நீங்களும் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.) ஆனால் என்னைத் தூங்க வைத்தது சவாரி இல்லை. வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம்தான் ஏறுகிறேன். மீதி நேரம் முழுக்க லத்தி (குதிரைச் சாணம்) அள்ளுவது, தண்ணீர் மாற்றுவது, குளம்பு நோண்டிச் சுத்தம் செய்வது, கொள்ளு ஊறவைப்பது. வகுப்பில் உங்கள் கையில் லகானைக் கொடுத்தபோது இந்த வேலையெல்லாம் யாரோ முடித்து வைத்திருந்தார்கள். நீங்கள் இன்னும் குதிரையோடு பழகவில்லை, சேணத்தோடுதான் பழகியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. மார்வாரி, கத்தியவாரி என்று வடக்கிலிருந்து வரும் ஜாதிக் குதிரைகளை லட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். என்னுடையது கத்தியவாரி கலப்பு, 70,000 ரூபாய். அந்த விலைக்குக் கிடைத்ததற்குக் காரணம் அவள் உடம்பில் முடி சுழித்து வளர்ந்திருந்த ஒரு சுழி, ராசியில்லாத சுழி என்றார்கள். வந்தவர்கள் எல்லாம் பல்லைப் பார்த்து, நடையைப் பார்த்து, கடைசியில் சுழியைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். என்னோடு வந்திருந்த பாய், முப்பது வருடம் ஜட்கா ஓட்டியவர், நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குளம்பு நல்லா இருக்கு பாப்பா. சுழியில ஏறி யாரும் சவாரி போறதில்ல.” துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடித்ததும் அவர்தான். சுழி பார்ப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, அவரவர் நம்பிக்கை. எனக்கு அவள் வந்த பிறகு கெட்டது எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கெட்டது நடக்கப் பார்த்தது ஒரு தடவை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாவது வருடம் கார்த்திகை மாதம். பக்கத்துத் தோட்டத்தில் புதுமனை புகுவிழா. மீந்துபோன சோறும் கேசரியும் ஒரு அன்னக்கூடை நிறைய இருந்ததாம், வாயில்லா ஜீவன் சாப்பிடட்டும் என்று யாரோ நல்ல மனதோடு தொட்டியில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் மில்லில், வீட்டுக்காரர் ஈரோட்டில். சாயந்தரம் வந்து பார்த்தால் புல்லைத் தொடவில்லை. முன்காலால் மண்ணைப் பறிக்கிறாள், திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறாள், படுக்கிறாள், எழுகிறாள், கழுத்தெல்லாம் வியர்வை. மதியத்துக்கு மேல் லத்தி போட்ட அடையாளமே இல்லை. குதிரைக்கு வாந்தி வராது தெரியுமா? உள்ளே போனது வேறு வழியில்லாமல் கீழேதான் போயாக வேண்டும், குடல் அடைத்துக்கொண்டாலோ முறுக்கிக்கொண்டாலோ உயிரே போய்விடும். நமக்கு வருகிற வயிற்று வலி மாதிரி இல்லை அது.

பக்கத்தில் மாட்டு டாக்டர்கள் உண்டு, நல்லவர்கள், ஆனால் எங்கள் பக்கம் குதிரை பார்த்துப் பழகியவர் குறைவு. முதலில் கூப்பிட்டவர் காலையில் வருகிறேன் என்று வைத்துவிட்டார். கூட்டம் சேர்ந்துவிட்டது. சோடா கொடு, நல்லெண்ணெயைப் புட்டியில் விட்டு வாயில் ஊற்று என்று ஆளுக்கொரு வைத்தியம். ஊற்றவும் போனேன், புட்டி கையில் இருந்தது. அந்த நேரம் பாய் சொன்ன இன்னொரு டாக்டர் போனை எடுத்தார். அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். அவர் சொன்ன முதல் வார்த்தை, “வாயில எதையும் ஊத்தாதீங்கம்மா, நுரையீரலுக்குப் போயிரும். தீனியை எடுத்துருங்க. விழுந்து புரளப் பார்த்தா மட்டும் மெதுவா நடத்துங்க, அவளைக் களைக்க விடாதீங்க.” இரண்டரை மணி நேரம் நானும் பாயும் மாறி மாறி நடத்தினோம். வந்ததும் நாடி பார்த்தார், நிமிடத்துக்கு 64. சும்மா நிற்கும் குதிரைக்கு 28லிருந்து 44க்குள் இருக்க வேண்டும். வயிற்றின் இரண்டு பக்கமும் காதை வைத்துக் கேட்டார், ஒரு பக்கம் சத்தமே இல்லை. வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, உள்ளே இருந்ததை வெளியே எடுத்துவிட்டு, அப்புறம் அதே வழியாக மருந்தும் தண்ணீரும் விட்டார்.

விடியற்காலை நாலே கால் மணிக்கு அவள் வாலைத் தூக்கினாள். முதலில் காற்று, பெரிய சத்தத்தோடு. பின்னாலேயே லத்தி. பாய் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார், நான் “குருநாதா” என்றேன், டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்த காலை எதுவும் நினைவில் இல்லை. வீட்டுக்காரர் அந்த லத்தியை போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார், என் தங்கை இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள். சொல்லட்டும்.

அன்றையிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை தடவை லத்தி போடுகிறாள் என்று எண்ணுகிறேன், எட்டுப் பத்துத் தடவை போட்டால்தான் எனக்கு நிம்மதி. ராத்திரி கடைசியாக ஒரு தடவை போய்த் தண்ணீரைப் பார்த்து, லத்தியைப் பார்த்து, கழுத்தில் கை வைத்துவிட்டு வந்து படுத்தால் தூக்கம் தானாக வருகிறது. அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நாட்களில் என்னால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை, உட்கார்ந்திருந்தேன். இங்கே என்னால் செய்ய முடிகிறது. எனக்குப் புரிந்தவரை தூக்கத்துக்குக் காரணம் அதுதான்.

அப்புறம் சிரிப்பு. அதுவும் தினமும் உண்டு. சேணத்தின் வாரை இறுக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்வாள், பத்தடி நடத்திவிட்டு மறுபடியும் இறுக்க வேண்டும், இல்லையென்றால் சேணம் சரிந்து நான் கீழே. டிராக்டருக்குப் பயம் இல்லை, லாரிக்குப் பயம் இல்லை, வேலியில் மாட்டிய ஒரு பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் நாலு காலும் தரையில் இருக்காது. தாழ்ப்பாளை உதட்டால் திறக்கப் பழகி, ஒரு நாள் அதிகாலை அடுக்களை ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று சொன்னவர் குதிரை வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் சொந்தத்தில் ஒரு பையனுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு அவளைக் கேட்டார்கள். பேண்டு வாத்தியம், சரவெடி, தலைக்கு மேல் டிரோன், ஏறப்போகிறவன் குதிரையைத் தொட்டதுகூட இல்லை. முடியாது என்றேன். அன்றிலிருந்து மாமா என்னோடு பேசுவதில்லை. “ஒரு குதிரையைக் கொடுக்க மனசில்லாதவ” என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அவர் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்தவள் நான், அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கூட்டத்தில் குதிரை மிரண்டு யாரையாவது உதைத்திருந்தால் அப்போதும் என்னைத்தானே சொல்லியிருப்பார்கள்? குதிரைக்கு மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் கண் தெரியாது, பின்னால் வெடி வெடித்தால் அதற்கு உதைக்கத்தான் தெரியும். பொம்பளைக்கு எதற்குக் குதிரை என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: என் சம்பளம், என் வளையலை அடகு வைத்து வாங்கியது, வளையலையும் மீட்டுவிட்டேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். செலவு எனக்கு மாதம் பத்தாயிரத்துக்குக் குறைவதில்லை, அதுவும் புல் சொந்தத் தோட்டத்தில் விளைவதால். ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு செதுக்கி லாடம் அடிக்க ஆள், குடற்புழு மருந்து, டெட்டனஸ் தடுப்பூசி, இதெல்லாம் சேர்த்துத்தான். நகரத்து வாடகை வீட்டில் இருந்துகொண்டு வாங்கி, லாயத்தில் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்ப்பதாக இருந்தால் வாங்காதீர்கள். வசதி உள்ளவர்கள் ஆள் வைத்து நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. தூக்கம் வேண்டும் என்று கேட்டீர்கள், அதற்குத்தான் பதில்.

நீங்கள் போகிற அந்தப் பள்ளியிலேயே கேட்டுப் பாருங்கள், மூன்று மாதம் காலையில் லாயம் சுத்தம் செய்ய வருகிறேன், சவாரி வேண்டாம் என்று. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மழை நாளிலும் எழுந்து போகிறீர்களா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் ஆடியில் அந்தியூருக்கு வாருங்கள். குளம்பு பார்க்கத் தெரிந்த ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், முதல் நாள் பணம் எடுத்து வராதீர்கள்.