மனசு அலையுதுன்னு தியானத்தை விட்டுட்டீங்களா?

கேள்வி: புத்தர் சொன்ன மூச்சு தியானம் பழகலாம்னு தினமும் 45 நிமிஷம் உட்கார ஆரம்பிச்சேன். மனசு ஒரு நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது, இல்லன்னா தூக்கம் வருது. மூணாவது வாரத்தோட விட்டுட்டேன். எனக்கு இது வராதா? பத்து நாள் முகாம் போனா சரியாயிடுமா?

பதில்: மனசு நிக்கலன்னு கண்டுபிடிச்சது யாரு, நீங்கதானே? அதுதாங்க தியானம். அதைப் போய் தோல்விக் கணக்குல எழுதிட்டு எழுந்துட்டீங்களேன்னுதான் எனக்கு வருத்தம். கவனமா இருக்கப் பழகறதைப் பத்தின சதிபட்டான சூத்திரம்ங்கற உபதேசத்துல புத்தர், சிதறிக் கிடக்கற மனசை சிதறிக் கிடக்குன்னு அறிஞ்சுக்கச் சொல்றாரு, அதை அடிச்சு விரட்டுன்னு அந்த இடத்துல ஒரு வார்த்தை கிடையாது. மனசு எங்கயோ போச்சா, போனது தெரிஞ்சுதா, மூச்சுக்குத் திரும்புங்க. நூறு தடவை போனா நூறு தடவையும் திரும்பணும், உங்களையே திட்டிக்காம திரும்பணும், அவ்வளவுதான்.

எடுத்த எடுப்புல 45 நிமிஷம் எதுக்குங்க? 10 போதும், ஆனா தினமும், முடிஞ்சா ஒரே நேரத்துல, காலைல போனைத் தொடறதுக்கு முன்னாடி. மூச்சை எண்ணுங்க. 5-ஆம் நூற்றாண்டுல புத்தகோசர்ங்கற பௌத்த அறிஞர் எழுதின விசுத்திமார்க்கம்ங்கற தியான நூல்ல இதுக்கு அளவே இருக்கு, அஞ்சுக்கு முன்னாடி நிறுத்தக்கூடாது, பத்தைத் தாண்டக்கூடாது. அஞ்சுக்குக் குறைஞ்சா மனசு இடம் பத்தாம தவிக்குமாம், பத்தைத் தாண்டினா மூச்சை விட்டுட்டு எண்ணிக்கையைப் பிடிச்சுக்குமாம். ஒரு வாரம் எண்ணிப் பாருங்க, எவ்வளவு நுணுக்கமா கவனிச்சிருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்.

தூக்கத்துக்கு வெக்கப்படாதீங்க. புத்தரோட தலைமைச் சீடர் மொக்கல்லானரே உட்கார்ந்த இடத்துல தூங்கி வழிஞ்சிருக்காரு. அவருக்குப் புத்தர் சொன்னது, காதை இழுத்துவிடு, கைகாலைத் தேய், முகம் கழுவிட்டு வானத்தைப் பாரு, எழுந்து நட, எதுக்கும் போகலன்னா எழுந்திருக்கற நேரத்தை மனசுல வெச்சுக்கிட்டு வலது பக்கமா படுத்துத் தூங்கு. இவ்வளவு கனிவா சொல்லித் தந்த மனுஷர் பேரை வெச்சுக்கிட்டு நீங்க ஏன் உங்களை வதைக்கறீங்க?

அப்புறம், உட்கார்ந்தா மட்டும்தான் பயிற்சின்னு இல்ல. நடக்கறது, சாப்பிடறது, உடுத்தறது, மலஜலம் கழிக்கறது வரைக்கும் அந்த சதிபட்டான சூத்திரத்துலயே வருது. சாப்பிடறப்ப முதல் அஞ்சு வாய் வேற எதையும் பார்க்காம சாப்பிடுங்க, அதுலேர்ந்து தொடங்கலாம்.

முகாம் நல்லதுதான், போங்க. ஆனா விபாசனா தியானம் சொல்லித்தந்த எஸ்.என். கோயங்கா மரபுல நடக்கற பத்து நாள் முகாம்ல பேச்சு கிடையாது, ஒரு நாளைக்குச் சுமார் 10 மணி நேரம் உட்காரணும், முடிஞ்சு கிளம்பறப்ப வீட்ல காலைல ஒரு மணி நேரம் சாயந்திரம் ஒரு மணி நேரம் உட்காருங்கன்னுதான் அங்கயும் சொல்லி அனுப்பறாங்க. வீட்ல உட்கார்றதுலேர்ந்து தப்பிக்க முகாம் வழி இல்லீங்க. மனநலத்துக்கு மருந்து எடுக்கறவங்கன்னா டாக்டர்கிட்ட பேசாம போகவே வேணாம்.

நாளைக்குக் காலைல திரும்ப ஆரம்பிங்க. நடுவுல ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மறுநாள் சேர்த்து வெச்சு 20 நிமிஷம் உட்காராதீங்க, அதே 10 தான்.