கேள்வி–பதில்: உருக்கினால் எவ்வளவு மிச்சம்?

மறுசுழற்சியையும் கார்பனையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அலுமினிய ஆலையிலும் பிறகு பழைய உலோகம் உருக்கும் ஆலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உலோகப் பொறியாளர் ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

பழைய பொருளை உருக்கவும் உலை எரியத்தானே வேண்டும்? அப்புறம் கார்பன் எங்கே குறைகிறது?
– கல்லூரி மாணவி ஒருவர்

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். உலை எரியத்தான் வேண்டும். ஆனால் உலோகத்தை உருக்குவது சின்ன வேலை. தாதுவிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதுதான் பெரிய வேலை. மறுசுழற்சியில் அந்தப் பெரிய வேலை இல்லாமல் போகிறது.

அலுமினியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் அது தனியாகக் கிடைப்பதில்லை, ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்திருக்கும். பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்து, வடிகட்டி, சுட்டு, அலுமினா என்ற வெள்ளைப் பொடியாக்குவார்கள். அந்தப் பொடியிலிருந்து மின்சாரம் பாய்ச்சி ஆக்சிஜனைப் பிரிக்கும் வழியை 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இன்றும் ஆலைகளில் அதே முறைதான்.

அப்படி மின்சாரம் பாய்ச்சும் தொட்டிகளின் பக்கத்தில்தான் என் வேலைக்காலத்தின் முதல் பாதி போனது. உள்ளே, அலுமினாவைக் கரைக்கும் கிரையோலைட் என்ற உப்பு உருகி ஏறக்குறைய 960 டிகிரியில் ஆரஞ்சு நிறத்தில் தளதளக்கும். மேலே ஒரு வெள்ளைப் படலம் கட்டியிருக்கும். அதை உடைத்துத்தான் அலுமினாவைப் போடுவார்கள். ஒரு தொட்டிக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் நாலரை வோல்ட்கூட இருக்காது. ஓடும் மின்னோட்டமோ பெரிய ஆலைகளில் மூன்று லட்சம் ஆம்பியரைத் தாண்டும். காந்தப்புலம் அவ்வளவு பலமாக இருப்பதால் சாவிக் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். மின்சாரத்தை உள்ளே கொண்டுவர மேலிருந்து தொங்கும் கார்பன் கட்டைகள் ஒவ்வொன்றும் புதிதாக வரும்போது ஆள் தூக்க முடியாத பாரம். நாலு வாரம் போல ஓடியபின் வெளியே எடுத்தால் அடிக்கட்டைதான் மிஞ்சும். மீதிக் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் போயிருக்கும். ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 400 கிலோ கார்பன் இப்படித் தீரும், அதிலிருந்து மட்டும் ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு.

இதற்கு மேல் மின்சாரம் இருக்கிறது. டன்னுக்குச் சுமார் 14,000 யூனிட். நிலக்கரியில் எடுத்த மின்சாரம் என்றால் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பழைய டப்பாவுக்கு இது எதுவும் தேவையில்லை. ஆக்சிஜனை ஏற்கனவே யாரோ ஒருமுறை பிரித்துவிட்டார்கள். 660 டிகிரியில் உருகிவிடும். புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் போதும்.

இரும்பிலும் இதே கதைதான். ஊதுலையில் தாதுவின் ஆக்சிஜனைப் பறிப்பது கோக், அதாவது காற்றில்லாமல் சுட்ட நிலக்கரி. அங்கே நிலக்கரி எரிபொருள் மட்டும் இல்லை, வேதிவினையில் அதற்கும் பங்கு உண்டு. அதனால் நல்ல ஊதுலை கட்டினாலும் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வரும். பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால் அதில் பாதிகூட வராது. மின்சாரம் சுத்தமானதாக இருந்தால் இன்னும் குறையும்.

குளிர்பான டின்களை வெந்நீரில் நன்றாகக் கழுவித்தான் மறுசுழற்சிக்குப் போடுகிறேன். செய்வது சரிதானே?
– இல்லத்தரசி ஒருவர்

உங்கள் அக்கறைக்கு நன்றி அம்மா. ஆனால் வெந்நீர் வேண்டாம். ஒரு டின் 13 கிராம் இருக்கும். அதை உருக்கிப் பயன்படுத்துவதால் மிச்சமாகும் மின்சாரம் சுமார் 180 வாட் மணி. நாலு லிட்டர் தண்ணீரை 40 டிகிரி கூடுதலாகச் சூடாக்கவும் ஏறக்குறைய அவ்வளவே செலவாகும். ஒரு டின்னுக்கு நாலு லிட்டர் வெந்நீர் பிடித்தால் மிச்சம் எல்லாம் அதிலேயே போய்விடும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு முறை அலசிக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே ஈரம் தேங்காமல் இருப்பதுதான் முக்கியம். உருகிய அலுமினியத்துக்கு அடியில் தண்ணீர் மாட்டினால் நொடியில் ஆவியாகி வெடிக்கும். அதனால்தான் ஆலையில் எதையும் காய வைக்காமல் உலையில் தள்ள மாட்டோம். டின்னை நசுக்குவதாக இருந்தால் தண்ணீர் வடிந்தபின் நசுக்குங்கள்.

குப்பையைச் சேகரிக்க லாரி ஓடுகிறதே, அந்த டீசல் புகை மிச்சத்தை விழுங்கிவிடாதா?
– ஓட்டுநர் ஒருவர்

உலோகத்துக்கு விழுங்காது. பெரிய லாரி ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகச் சுமார் 100 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடும். ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் 100 கிலோதான். கண்ணாடிக்கு மட்டும் தூரத்தைப் பார்க்க வேண்டும். அது கனம், அதில் கிடைக்கும் மிச்சமும் குறைவு.

எல்லாப் பொருளிலும் 95 சதவீதம் மிச்சமாகுமா?
– பள்ளி ஆசிரியர் ஒருவர்

இல்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதைத் தனியாகவே சொல்லுங்கள் சார்.

கண்ணாடிக்கு உலை சுமார் 1500 டிகிரியில் இரவு பகலாக எரிய வேண்டும். உடைந்த கண்ணாடியைப் போட்டாலும் சூடு வேண்டும்தான். கலவையில் 10 சதவீதம் பழைய கண்ணாடி சேர்த்தால் ஆற்றல் 3 சதவீதம் போலக் குறையும். இன்னொரு லாபமும் உண்டு. புதுக் கண்ணாடிக்குப் போடும் சுண்ணாம்புக்கல்லும் சோடா சாம்பலும் சூட்டில் கார்பன் டை ஆக்சைடை விடும். பழைய கண்ணாடியில் அது ஏற்கனவே வெளியேறிவிட்டது. ஆனால் ஒரு பாட்டிலை உடைத்து உருக்குவதைவிடக் கழுவி மறுபடி நிரப்புவது எவ்வளவோ மேல்.

காகிதத்தின் நார் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குட்டையாகும். ஐந்து முதல் ஏழு சுற்று தாங்கும். பிளாஸ்டிக்தான் எனக்குப் பெரிய கவலை. 2015 வரை உலகத்தில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம்தான். ஒரே வகைப் பிளாஸ்டிக்காக, சுத்தமாக வந்தால் மறுபடி உருக்கலாம். பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டிய பல அடுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பது பெரும்பாடு. அதை எரித்தாலும் தீராது: ஒரு கிலோ பாலித்தீன் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. அந்தப் பொட்டலத்தை வாங்காமல் இருப்பதற்கு ஈடாக எந்த ஆலையும் இல்லை.

இரும்பை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– பட்டறை வைத்திருக்கும் வாசகர்

உருக்கலாம், தாமிரம் கலக்காத வரையில். இதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன்.

உலையில் ஆக்சிஜன் ஊதினால் சிலிக்கன், மாங்கனீஸ் போன்றவை எரிந்து கசடில் சேர்ந்துவிடும். தாமிரம் சேராது. இரும்பைவிட அதற்கு ஆக்சிஜன் மேல் நாட்டம் குறைவு, அதனால் அப்படியே இரும்போடு தங்கிவிடும். அடுத்த முறை உருக்கும்போது இன்னும் கொஞ்சம் ஏறும். அந்த எஃகைச் சூடாக உருட்டும்போது மேல்தோலில் வெடிப்பு விழும். கட்டடக் கம்பி ஓரளவு தாங்கும். காருக்குப் போகும் மெல்லிய தகட்டுக்கோ ஆயிரத்தில் ஒரு பங்குகூட அதிகம். கடைசியில் ஊதுலையில் எடுத்த புது இரும்பைக் கலந்து நீர்க்கச் செய்ய வேண்டியிருக்கும். அதாவது மறுபடி நிலக்கரி.

உங்கள் பட்டறையிலிருந்து போகும் பழைய இரும்பில் மோட்டாரைக் கழற்றுங்கள், ஒயரை உருவுங்கள். தாமிரத்தைத் தனியாக விற்றால் உங்களுக்கும் நல்ல காசு. நீங்கள் திருகாணியைத் திருகி எடுக்கும் அந்தச் சில நிமிடத்தைப் பின்னால் எந்த உலையாலும் ஈடுகட்ட முடியாது.

சமையலறைக் கழிவு தானாக மக்கிவிடும். அதை ஏன் பிரிக்கச் சொல்கிறார்கள்?
– குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒருவர்

எங்கே மக்குகிறது என்பதைப் பொறுத்தது. குப்பை மேட்டின் அடியில் காற்றுப் போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் அதை மீத்தேனாக்கும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் அதே எடைக் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். இருபது வருடக் கணக்கில் சுமார் 80 மடங்கு.

உங்கள் குடியிருப்பில் உரக்குழி போட்டால் காய்ந்த இலையைக் கலந்து அடிக்கடி கிளறி விடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஈரம் மட்டும் தெரிய வேண்டும். அழுகிய முட்டை வாடை அடித்தால் உள்ளே காற்று இல்லை, அங்கேயும் மீத்தேன் கிளம்பியிருக்கலாம் என்று அர்த்தம். உடனே கிளறி, காய்ந்த இலையை இன்னும் கொஞ்சம் போடுங்கள்.