சப்போட்டா ஒட்டுக்கு எந்தப் பாலை?

கேள்வி: திண்டிவனம் அருகே ஒரு ஏக்கரில் சப்போட்டா வைக்க இருக்கிறேன். ஒட்டு நானே கட்டிக்கொள்ளலாம் என்று, தனியார் நாற்றங்கால் ஒன்றில் ‘பாலை’ என்று கேட்டு நூறு கன்றுகள் வாங்கினேன். நெருக்கொட்டு (இரு செடிகளின் தண்டையும் சீவி, நெருக்கிச் சேர்த்துக் கட்டுவது) கட்டியதில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. இப்போது மாசியில் இலையெல்லாம் கொட்டி, கன்றுகள் குச்சியாக நிற்கின்றன. வேரழுகலா? என்ன மருந்து ஊற்றலாம், ஐயா?

பதில்: மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம். ஒரு குச்சியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்கடியில் பச்சை தெரிந்தால் செடிக்கு ஒரு குறையும் இல்லை. பங்குனி, சித்திரையில் தானே துளிர்க்கும். உங்களிடம் இருப்பது வெட்பாலை என்றே நினைக்கிறேன். தை, மாசியில் இலை உதிர்ப்பது அதன் இயல்பு. சப்போட்டாவுக்கு வேர்ச்செடியாகும், அதாவது ஒட்டுக்கு அடியில் வேரோடு நிற்கும் பாலையோ கடும் கோடையிலும் பச்சை மாறாத மரம். நாற்றங்காலில் உங்களுக்குத் தந்தது நோயாளியை அல்ல, வேறு ஆளை.

கிள்ளினால் பால் வடிகிற மரங்கள் பலவற்றுக்கும் நம் ஊரில் பாலை என்றே பெயர். வெட்பாலை, குடசப்பாலை, ஏழிலைப்பாலை மூன்றும் அரளியின் குடும்பம். நீங்கள் தேடும் பாலையோ சப்போட்டா, இலுப்பை, மகிழம் ஆகியவற்றின் குடும்பம். குடும்பமே வேறானால் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் ஒட்டு பிடிக்காது. உங்கள் கைவேலையில் பழுதில்லை. அடுத்த முறை ‘உலக்கைப் பாலை’ என்று கேளுங்கள். அதற்கும் விழித்தால் மணில்கரா ஹெக்சாண்ட்ரா என்ற தாவரவியல் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உலக்கைக்கு ஆகிற அளவு இறுகிய கட்டை அது, தண்ணீரில் போட்டால் மூழ்கும். வெட்பாலைக் கட்டை வெளுப்பாக, பொம்மை கடைய ஏற்றதாக இருக்கும்.

பெயரை நம்பாமல் இலையைப் பாருங்கள். வெட்பாலையில் இலைகள் எதிரெதிராக இணை இணையாக வரும், நுனி கூராக இருக்கும். ஏழிலைப்பாலையில் ஒரே கணுவைச் சுற்றி ஐந்து, ஆறு, ஏழு என்று வட்டமாக நிற்கும். அதுவும் பச்சை மாறாத மரம்தான் என்பதால், இலை உதிரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். உலக்கைப் பாலையில் இலைகள் மாறி மாறி அமைந்து கிளை நுனியில் நெருங்கியிருக்கும். தடித்த, கரும்பச்சை இலை. நுனியில் சிறு பள்ளம் விழுந்திருக்கும், யாரோ நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல. காய்த்த மரமாக இருந்தால் ஐயமே வராது. வெட்பாலையில் நீண்ட காய்கள் இரட்டையாகத் தொங்கும், விதையில் பஞ்சு இருக்கும். பாலையில் வேப்பம்பழ அளவில் மஞ்சள் பழம். தின்றால் இனிக்கும், உதட்டில் பால் ஒட்டும். இலங்கையின் வன்னிப் பகுதியில் பாலைப்பழக் காலம் வந்தால் மனிதரும் கரடியும் ஒரே மரத்தைத் தேடிப் போவார்கள்!

நம் பக்கம் கோடியக்கரைக் காட்டில் இந்த மரம் நிறைய உண்டு. ஆனால் அது 1967 முதல் சரணாலயம். அனுமதியின்றி அங்கே விதை பொறுக்கப் போகாதீர்கள். அதைவிட எளிய வழி, பக்கத்துப் பழைய சப்போட்டாத் தோப்புகளைச் சுற்றிப் பார்ப்பது. பராமரிப்பு இல்லாத தோப்பில் ஒட்டுப் பகுதி பட்டுப்போய், அடியிலிருந்த வேர்ச்செடியே மரமாகி நிற்பது உண்டு. கோடையில் அதன் பழத்தை எடுத்து, சதையைக் கழுவிவிட்டு உடனே விதையுங்கள். எண்ணெய்ச் சத்துள்ள விதை, வைத்திருந்தால் முளைப்பு குறையும். ஓடு கடினமானது என்பதால் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, உள்ளே பருப்பு நசுங்காமல் ஓட்டை மெல்ல விரிசல் விடச் செய்தால் நல்லது. முளைப்பதும் மெதுவே, வளர்வது அதைவிட மெதுவே. ஒட்டுக் கட்டும் பருமனுக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும். இதனால்தான் சில நாற்றங்கால்களில் இந்தக் கன்றே கிடைப்பதில்லை. இலுப்பையில் ஒட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். குடும்பம் ஒன்றுதான், ஆனால் பாலை அளவுக்கு ஒத்துவருவதில்லை.

இரண்டு ஆண்டு நிலத்தைக் காலியாக வைத்திருக்க நான் சொல்ல மாட்டேன். ஏக்கர் முழுவதற்கும் அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் ஒட்டுக்கன்றே வாங்கிவிடுங்கள். எட்டு மீட்டர் இடைவெளியில் 60-க்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். வாங்கும்போது ஒட்டுக்குக் கீழே ஏதாவது தளிர் இருக்கிறதா என்று தேடுங்கள். பள்ளம் விழுந்த நுனி தெரிந்தால் பாலை வேர்ச்செடிதான். பார்த்து உறுதி செய்த பிறகு அந்தத் தளிரைக் கிள்ளி எறிய மறக்காதீர்கள், விட்டால் வேரின் வலுவை அதுவே வாங்கிக்கொண்டு மேலே உள்ள சப்போட்டாவை நலிய வைத்துவிடும். ஒவ்வொரு குழியும் ஒரு மீட்டர் நீள, அகல, ஆழம். ஒட்டு மண்ணிலிருந்து 15 செ.மீ. உயரத்திலாவது இருக்கட்டும். காற்றில் ஒட்டு முறியாமல் குச்சி நட்டுக் கட்டுங்கள்.

இருக்கிற நூறு வெட்பாலையைப் பிடுங்க வேண்டாம், வேலியோரம் நட்டுவிடுங்கள். அதன் இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுக்கும் தைலத்தைச் சித்த மருத்துவத்தில் தோல் நோய்க்குப் பயன்படுத்துகிறார்கள். இலைக்கு ஆள் கேட்டு வரவும் கூடும்.