ஆட்டுக் கிடைக்கு நாய் வளர்ப்பு: கேள்வி-பதில்

கே: எங்கள் நாய்க்குட்டி ஆட்டுக்குட்டியைக் கடிக்கிறது. என்ன செய்வது?

வயது என்ன, எங்கே பிறந்தது, ஒன்றுமே எழுதவில்லை. ஜோசியமா சொல்ல முடியும்? நாலைந்து மாதம் என்று வைத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு விளையாட்டுதான். வால் நுனி, காது என்று ஆரம்பித்து ஒருநாள் தொண்டைக்குப் போகும். கொடாப்பை, அதாவது குட்டிகளை அடைத்து வைக்கும் கூண்டைத் திறக்கும்போது நாயைக் கட்டிப்போடுங்கள். மற்ற நேரத்தில் பெரிய ஆடுகளோடு இருக்கட்டும். முட்டுகிற கிடா ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. துரத்தும்போது சிரிக்காதீர்கள், அதட்டுங்கள். ஒன்றரை வயது வரை ஆள் பார்வையில்லாமல் ஆட்டோடு விடவே கூடாது.

கே: பார்டர் கோலி வாங்கலாமா? 40 ஆடு, விருதுநகர் பக்கம்.

வேண்டாம். இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லையில், ஆள் ஓரிடத்தில் நின்று சீட்டியடிக்க, தூரத்து மந்தையை வளைத்து வரும் இனம் அது. நம்மூரில் மேய்ப்பவர் கூடவே நடக்கிறார். நமக்கு வேண்டியது ராக்காவல். அது கோலிக்கு வராது.

கே: ராஜபாளையமா, கோம்பையா, சிப்பிப்பாறையா?

காவலுக்குக் கோம்பை. சிப்பிப்பாறை முயல் வேட்டை நாய், ஓடுவதைக் கண்டால் துரத்தும். ராஜபாளையம் என்றால் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். அதில் செவிட்டுக் குட்டிகள் உண்டு. கிடையிலேயே பிறந்த நாட்டுநாய்க் குட்டி கிடைத்தால் மூன்றும் வேண்டாம். எட்டு வாரத்தில் எடுத்து, ஆடுகளுக்குப் பக்கத்திலேயே தூங்க வையுங்கள்.

கே: ஒரு செம்மறி தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. நாயால் வந்தது என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் உண்மை. ஆனால் குற்றவாளி நாய் இல்லை, நீங்கள். கிடா வெட்டியதும் தலையை அப்படியே நாய்க்குத் தூக்கிப் போடுகிறீர்கள். மூளையில் இருக்கும் நீர்க்கட்டி நாயின் குடலில் நாடாப்புழுவாகிறது. முட்டை மலத்தோடு புல்லில் விழுகிறது. அதை மேய்ந்த ஆட்டின் மூளையில் மறுபடியும் கட்டி, சில மாதத்தில் கோழிமுட்டை அளவுக்கு. அப்புறம் சுற்றல், கண் தெரியாமல் வேலியில் முட்டல், சாவு. ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள கட்டியைப் பச்சையாகத் தின்கிற நாயிடமிருந்து வேறொரு நாடாப்புழு மனிதனுக்கே வரும்; நாயைத் தடவிய கையோடு சாப்பிடும் பிள்ளைகளுக்கும்தான். எத்தனை தடவை சொல்லியாயிற்று! தலை, ஈரல், நுரையீரல் எதுவானாலும் நன்றாக வேகவைத்துப் போடுங்கள், இல்லையென்றால் நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். செத்த ஆட்டுக்கும் இதே கதைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்கு நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவாண்டல் மாத்திரை, எடைக்குத் தகுந்தபடி. மருந்து கொடுத்த இரண்டு மூன்று நாள் நாயைக் கட்டிவைத்து, மலத்தை அள்ளிப் புதையுங்கள். சுற்றுகிற எல்லா ஆட்டுக்கும் இதுவே காரணம் என்று முடிவுகட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: தடுப்பூசி எப்போது?

பார்வோ என்கிற வைரஸ் வயிற்றுப்போக்குக்கு ஆறேழு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில் மறுபடி. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருடாவருடம். கிடை நாய்க்கு எதற்கு என்று கேட்காதீர்கள், கிடைக்கு நரி வரும்.

கே: சோற்றில் மிளகாய்ப்பொடி கலந்தால் ரோஷம் வருமாமே?

வயிற்றுப்போக்கு வரும்.